கணக்கில் வராத படகு

அக்டோபர் 27, திங்கள்

தேரித்துறை வந்து சேர்ந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அதிக தூரமில்லை, ஆனால் கடைசிப் பகுதியில் ரோடு என்று ஒன்று இல்லை. மகளிர் விடுதியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. தலையணையில் உப்பு வாசனை.

ஒரு வாரத்தில் முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் மேனேஜர் ரகுராமன் சார். எங்கள் கம்பெனி இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு மென்பொருள் செய்துகொடுத்திருக்கிறது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் டோக்கன் வாங்க வேண்டும், திரும்பி வந்ததும் முடிக்க வேண்டும். படகில் பொருத்தியிருக்கும் கருவி, படகு நிற்கும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சுவரில் ஒரு பெரிய திரை சொல்லும்: கடலில் எத்தனை படகு, எத்தனை ஆட்கள், கடைசியாக எங்கே இருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த பக்கம் இப்போது வர பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சில தடவை வருவதே இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

"சிங்கப்பூர் ப்ராஜெக்டுக்கு ஆள் எடுக்கறாங்க கோமதி. உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். இதை மட்டும் சத்தமில்லாம முடிச்சுட்டு வந்துடுங்க" என்றார். அதற்காக ஒன்றும் நான் வரவில்லை. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது, எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளர் ஹில்டா மச்சாது. ஐம்பது வயதிருக்கும். இந்த ஊர்க்காரர். தடித்த கண்ணாடி. அதிகம் பேசுவதில்லை.

ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாக இருந்தது. சாயங்காலம் ஒருவழியாகத் திரை வந்து, இன்று திரும்ப வேண்டிய படகுகளில் பாக்கி எதுவுமில்லை, பூஜ்ஜியம் என்று காட்டியது. அதன் பிறகும் அவர் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலில் நின்றார். பிறகு படகு உரிமையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். "வந்துட்டாவளா? ஆளுவ எல்லாம் எறங்கியாச்சா? நீங்க கண்ணால பாத்தியளா?"

"மேடம், திரையிலயே இருக்கே" என்றேன்.

"இருக்கும்மா" என்றார். அடுத்த நம்பரைப் போட்டார்.

இப்படி ஒருவர் இருந்தால் மென்பொருள் எதற்கு என்று எரிச்சலாக வந்தது. விடுதியில் இரவுக்கு ரவை உப்புமா.

அக்டோபர் 30, வியாழன்

காரணம் பிடிபட்டது. புதிதாக ஒன்றுமில்லை, பல இடங்களில் பார்த்த தவறுதான். ஹில்டா மேடம் "எதுக்கு இம்புட்டு நேரம் எடுக்கு? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு" என்று கேட்டதால் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

"ஒரு படகுல ஏழு பேர் போறாங்க. அது ஆள் பட்டியல், ஏழு வரி. அதே படகு அந்தப் பயணத்துல ஆயிரம் தடவை சிக்னல் அனுப்புது. அது இன்னொரு பட்டியல், ஆயிரம் வரி. ஆளை எண்ணணும், கடைசி சிக்னலையும் எடுக்கணும். இதை எழுதினவர் ரெண்டு பட்டியலையும் முதல்லயே ஒண்ணாச் சேர்த்துட்டார். அப்ப ஒவ்வொரு ஆளுக்கும் ஆயிரம் சிக்னல். ஏழாயிரம் வரி ஆயிடுது."

"ஏழு பேருக்கு ஏழாயிரமா?"

"ஆமா மேடம். எல்லாப் படகுக்கும் இப்படிப் பெருக்கி, லட்சக்கணக்குல குவிச்சு வச்சுட்டு, அப்புறம் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வர்றதைக் கழிச்சுக் கழிச்சு மறுபடி ஏழுக்குக் கொண்டு வருது. முதல் வருஷம் சிக்னல் கம்மி, தெரியல. இப்ப அந்தப் பட்டியல் கோடியைத் தாண்டிடுச்சு."

"தனித்தனியா எண்ணிட்டு, பொறவு சேத்தா என்ன?"

"அதைத்தான் செய்யப் போறேன்."

அவர் தாளை மடித்து மேசையில் வைத்துக்கொண்டார். "எண்ணுததை மெதுவா எண்ணினாக்கூடப் பரவாயில்ல. சரியா எண்ணுதான்னு பாரு" என்றார்.

நவம்பர் 3, திங்கள்

மழை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

நவம்பர் 5, புதன்

ரகுராமன் சார் ஒரு குறுக்குவழி சொன்னார். மணிக்கு ஒரு தடவை எண்ணி ஒரு தனி அட்டவணையில் போட்டு வைத்துவிடலாம், திரை அதை மட்டும் காட்டட்டும். பக்கம் உடனே வந்துவிடும். வாடிக்கையாளருக்கு வேண்டியது வேகம்தானே.

ஹில்டா மேடத்திடம் சொன்னேன்.

"அப்ப அதுல இருக்கது ஒரு மணி நேரத்துக்கு முந்துன கணக்கா?"

"அதிகபட்சம் ஒரு மணி நேரம்."

"வேண்டாம்மா" என்றார். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கஷ்டமான வழியிலேயே போகிறேன். ஆட்களைத் தனியாக எண்ணு, கடைசி சிக்னலைத் தனியாக எடு, படகு ஒன்றுக்கு ஒரே ஒரு வரி வந்த பிறகு இரண்டையும் இணை. ஒரு வாரம் என்று சொன்னது தாண்டிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

முடிந்தது! பிரதி எடுத்த தரவில் ஓட்டினேன். மூன்று நொடி. இரண்டாவது தடவை ஓட்டியபோது அதுவும் இல்லை.

ஆனால் எண் ஒத்துப்போகவில்லை. பழையது 188 படகு என்கிறது. என்னுடையது 191.

எங்கோ தவறு செய்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

என் வரிகளையே திரும்பத் திரும்பப் படித்தேன். தவறு கிடைக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

ரகுராமன் சாரிடம் சொன்னேன். "பழைய எண்ணை ரெண்டு வருஷமா எல்லாரும் பார்த்துட்டிருக்காங்க. அதுதான் அளவுகோல். உங்களோடதை அதுக்குப் பொருந்துற மாதிரி சரி பண்ணுங்க" என்றார். நியாயம்தான். இருப்பினும் எதைச் சரி செய்வது என்று தெரியவில்லை. அந்த மூன்று எங்கிருந்து வருகின்றன?

மதியம் சாப்பாட்டில் மீன் இல்லை. விலை ஏறிவிட்டதாம்.

நவம்பர் 15, சனி

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். திங்கட்கிழமைக்குள் எல்லாப் படகும் கரை திரும்ப வேண்டும் என்று அறிவிப்பு. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகப் போகிறது. தங்குகடல் போன படகுகள்தான் கவலை. கிளம்பினால் நாலைந்து நாள் கடலிலேயே கிடப்பவை.

இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். வேலை என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

நாள் முழுக்கப் படகுகள் வந்துகொண்டே இருந்தன. துறைமுகச் சுவரில் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு படகு வரும்போதும் சிலர் மட்டும் கீழே ஓடுவார்கள், மற்றவர்கள் அங்கேயே நிற்பார்கள். ஹில்டா மேடம் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்ததாகத் தெரியவில்லை. திரை இரண்டு தடவை செத்துப்போனது.

நவம்பர் 18, செவ்வாய்

காற்று பலத்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. காலையில் திரை வந்தது. கடலில் உள்ள படகுகள்: 0.

மாவட்ட அலுவலகத்திலிருந்து மேலதிகாரியின் போன். அனைவரும் கரை திரும்பினர் என்று அறிக்கை போய்விட்டது. ஹில்டா மேடம் வழக்கம்போல உரிமையாளர்களுக்குப் போன் போடப் போவதாகச் சொன்னதும் அவர் சற்றுக் கடுமையாகவே பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அறிக்கை குடுத்த பிறகு வீடு வீடா போன் போட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க? பீதியைக் கிளப்பாதீங்க. போன வருஷமே உங்களால நமக்குக் கெட்ட பேர்." மேடம் ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். மழையில் எதுவும் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு என் கணக்கை உண்மையான தரவில் ஓட்டிப் பார்த்தேன். பார்க்க மட்டும்தானே, எதையும் மாற்றவில்லை.

மூன்று.

பெயரை எடுத்தேன். சகாய மாதா. கடல்ராணி. விண்ணரசி. மூன்றுக்கும் டோக்கன் இருக்கிறது, முடிக்கப்படவில்லை. மூன்றுக்கும் ஒரு சிக்னல்கூட இல்லை. கருவி பழுது. அப்போதுதான் புரிந்தது. பழைய வினவலில், அதாவது தரவிடம் கணக்குக் கேட்கும் அந்த வரிகளில், பட்டியல்களை இணைத்த விதம், இரண்டிலும் இருப்பதை மட்டும் எடு என்பது. சிக்னலே அனுப்பாத படகுக்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை. வரி இல்லாததால் படகே இல்லை. மெதுவாக எண்ணுவது மட்டுமல்ல, கருவி கெட்டுப்போன படகை அது எண்ணவே இல்லை. தவறு என்னுடையதில் இல்லை.

ரகுராமன் சாருக்குப் போன் செய்தேன். "புயல் நேரத்துல டெஸ்ட் பண்ணாத எண்ணை வெளிய சொல்லாதீங்க. பொய்யாப் போச்சுன்னா கம்பெனி பேர் போயிடும், உங்க பேரும் போயிடும். டீம்ல பார்க்கச் சொல்றேன். சாப்பிட்டுட்டு வாங்க, பேசலாம்" என்றார்.

சாப்பிடப் போனேன். எலுமிச்சை சாதம், அப்பளம். பக்கத்து நாற்காலியில் யாரோ மழையைப் பற்றிப் பேசினார்கள். திரும்பி வந்தும் போன் வரவில்லை. டீ வாங்கிக் குடித்தேன். கொஞ்ச நேரம் என் வினவலை மறுபடி படித்தேன்.

இரண்டு மணிக்கு எழுந்து போய்ச் சொன்னேன்.

ஹில்டா மேடம் மென்பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பேரைச் சொல்லு" என்றார். போனைக் கையில் எடுத்தார்.

சகாய மாதா நேற்றே வேறு கரையில் ஏறிவிட்டதாம், டோக்கனை முடிக்கவில்லை. கடல்ராணி கடலுக்குப் போகவே இல்லை, பட்டறையில் நிற்கிறது. மேலதிகாரி மறுபடி அழைத்தார். "ரெண்டும் பொய்யாப் போச்சுல்ல? நிறுத்துங்க மேடம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

விண்ணரசியின் உரிமையாளர் கஸ்பார் போனை எடுக்கவில்லை. மேடம் மழைக்கோட்டைக்கூடப் போடாமல் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். கோயில் தெருவில் கடைசி வீடு. கஸ்பார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"படகு எங்க கஸ்பார்?"

"வந்துருவாவ மேடம். வேற கரையில ஏறியிருப்பாவ."

"போன் வந்துச்சா?"

கஸ்பார் தெருவைப் பார்த்தார்.

"கஸ்பார், உன்னத்தான் கேக்கேன்."

"கருவி கெட்டுப் போச்சு. சரி பண்ணாம விடமாட்டியன்னு சொல்லாம அனுப்பிட்டேன். டிவியில எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னாவ... அப்ப வந்திருக்கும்னு..." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏழு பேரு மேடம். என் தம்பியும் அதுல இருக்கான்."

மேடம் அங்கிருந்தே மீட்புக் கப்பலுக்குப் பேசினார். எந்தப் பக்கம் வலை விட்டார்கள், எவ்வளவு டீசல் என்று கஸ்பாரைக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். வெளிச்சம் இருக்கும்போதே கப்பல் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது.

இதை எழுதும்போது கை இன்னும் ஈரமாக இருக்கிறது. காயவைத்த துணி மொத்தமும் நனைந்துவிட்டது.

நவம்பர் 19, புதன்

கிடைத்துவிட்டார்கள். ஏழு பேரும். என்ஜின் நின்று போய், படகு பாதி முங்கிய நிலையில், கயிற்றால் ஒருவரோடொருவர் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். கஸ்பாரின் தம்பிக்குக் கை முறிந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் படகு மிதந்திருக்காது என்று கப்பலில் சொன்னார்களாம்.

ஹில்டா மேடம் போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

"அந்த மூணுங்கறது உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"ரெண்டு மணி வாக்குல மேடம்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

நவம்பர் 21, வெள்ளி

ரகுராமன் சார் பாராட்டினார். என் வினவலை உடனே திரையில் போட அனுமதி கொடுத்துவிட்டார். வாடிக்கையாளருக்குப் பெரிய சந்தோஷமாம்.

போடுவதற்கு முன் பழைய நாட்களில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த நாட்களாகத் தேர்ந்தெடுத்தேன். பெரும்பாலும் வித்தியாசம் இல்லை, அல்லது டோக்கன் முடிக்காத படகுகள். போன வருடம் டிசம்பரில் ஒரு நாள்: பழையது 0, புதியது 1. படகின் பெயர் அருள்ஜோதி. அந்த டோக்கனை யாரும் வந்து முடிக்கவில்லை, விசாரணைக்குப் பிறகு ரத்து செய்திருக்கிறார்கள்.

"மேடம், அருள்ஜோதி எந்தப் படகு?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"எதுக்குக் கேக்க?"

காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாலு பேரு" என்றார். "ரெண்டு நாள் கழிச்சுத்தான் தேடப் போனோம். ஒரு பலகையும் ஒரு ஐஸ் பெட்டியும் கெடைச்சுது. ஆள் கெடைக்கல. அன்னைக்கு டூட்டி நான்தான். நான் திரையச் சரியா பாக்கலன்னு விசாரணையில எழுதிட்டாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன் கோமதி. ஒண்ணுன்னு இருந்தத பூஜ்ஜியம்னு வாசிச்சிட்டனோன்னு. கண் டாக்டர்ட்ட போனேன். கண்ணாடிய மாத்தினேன்."

"நீங்க சரியாத்தான் பார்த்திருக்கீங்க மேடம். திரையில பூஜ்ஜியம்தான் இருந்திருக்கு."

இதைக் கேட்டதும் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

"அது இன்னும் மோசம்லா" என்றார்.

நவம்பர் 24, திங்கள்

"ரிப்போர்ட்ல வேகத்தைப் பத்தி மட்டும் எழுதுங்க" என்கிறார் ரகுராமன் சார். "பதினோரு நிமிஷம் எடுத்தது மூணு நொடியா ஆச்சு, போதும். போன வருஷ விஷயம் விசாரணை முடிஞ்சு மூடின ஃபைல். நீங்க அதைத் தொட்டா நாமளே நம்ம தலையில மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி."

"ஒருத்தர் மேல தப்பா எழுதியிருக்காங்க சார்."

"அவங்க வேலை போகலையே?"

சாயங்காலம் வரை எழுதவில்லை. பிறகு இரண்டையும் எழுதினேன். ஏன் மெதுவாக ஓடியது, ஏன் தவறாக எண்ணியது, எந்தெந்த நாளில், எந்தப் படகு. மீன்வளத் துறைக்கு நேரடியாக ஒரு நகல் அனுப்பினேன்.

நவம்பர் 26, புதன்

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் பட்டியல் வந்தது. பார்த்தேன். என் பெயர் இல்லை. விடுதிக்கு இன்னும் ஒரு மாத வாடகை கட்டிவிட்டேன்.

நவம்பர் 29, சனி

காலையில் ஹில்டா மேடம் விடுதிக்கே வந்துவிட்டார். "ஒரு எடத்துக்குப் போணும். நீயும் வா. எனக்கு இத வெவரமா சொல்லத் தெரியாது."

போகும்போதுதான் சொன்னார். அருள்ஜோதியை ஓட்டிப் போன தொபியாஸின் மனைவி ரெஜினாள் வீட்டுக்கு.

தெருவைப் பார்த்த சின்ன அறையில் தையல் மெஷின் போட்டிருந்தார் ரெஜினாள். என் வயதுதான் இருக்கும். மேடத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. தைத்துக்கொண்டே இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கருவி பழுதானதால் சிக்னல் வராததை, சிக்னல் வராததால் திரை அந்தப் படகை எண்ணாமல் விட்டதை. முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். மேடம் பூஜ்ஜியத்தைத்தான் பார்த்தார், அவர் மேல் தவறில்லை என்றும் சொன்னேன்.

மெஷின் நின்றது.

"அன்னைக்கு விடிஞ்சதும் ஆபீசுக்கு வந்தேன்" என்றார் ரெஜினாள். என்னைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்தார். "அவிய வரலன்னு சொன்னேன். நீங்க திரும்பி செவத்துல இருக்க டிவியப் பாத்திய. எல்லாரும் வந்தாச்சு, வேற எங்கயாவது ஏறியிருப்பாவ, வீட்டுக்குப் போன்னு சொன்னிய. சாயந்தரமும் வந்தேன். அதையே சொன்னிய."

மேடம் தலையசைத்தார்.

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிச்சு. சரி. நான் சரியாத்தானே சொன்னேன்?"

அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விண்ணரசி கடலில் கிடந்தபோது நான் குடித்த டீயின் நினைப்பு வந்தது. அறிக்கைக்கு நான் சொன்ன இரண்டு மணியும்.

"சரியாத்தான் சொன்ன" என்றார் ஹில்டா மேடம். "ரெண்டு தடவையும். நான்தான் கேக்கல."

"நீ நேரத்தோட போய்ச் சொல்லியிருந்தா எம் பிள்ளையத் தேடியிருப்பாவன்னு எங்க அத்தை இன்னைக்கும் சொல்லுதாவ. போனேன் போனேன்னு எத்தன தடவ சொன்னாலும் நம்பல. ஆபீஸ்லயும் நான் வந்தத எழுதல." ரெஜினாள் கையிலிருந்த துணியை மடியில் வைத்தார். "உள்ளதான் இருக்காவ."

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. கட்டிலில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். மேடம் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க மருமவ அன்னைக்கு வெள்ளனயே வந்து சொன்னா. நான்தான் நம்பாமத் திருப்பி அனுப்பிட்டேன்."

அந்த அம்மா காதில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். "என்னது?"

மேடம் இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை உரக்கச் சொன்னார், கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாளும் நான் கேட்டிராத குரலில். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். மேடம் குரலைக் குறைக்கவில்லை.